மாப்பிள்ளைக்குக் காட்டிய இரண்டு கார்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, தினமும் எந்தச் சாலையில் ஓட்டப் போகிறீர்கள் என்பதைத்தான். நிறமும் வேகமும் அப்புறம். சிம்பாங் ரெங்கத்தில் இருபத்தாறு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். என் மனோகரன் யார்டில் வாங்கிய கார் நடுவழியில் காலை வாரிவிட்டது என்று போன மாதம் வரைக்கும் ஒருவரும் சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டர் தேன்மொழி, தமிழிலேயே எழுதலாம் என்று நீங்கள் தாள் கொடுத்தது பெரிய உதவி, புவான். மலாயில் எழுதினால் எனக்குச் சுருக்கமாகத்தான் வரும். இது சுருக்கிச் சொன்னால் தப்பாகத் தெரியக்கூடிய விஷயம்.

மாப்பிள்ளை யுகேந்திரன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் மகள் லோஷினி மாதிரி அவனும் சிங்கப்பூருக்குப் போய் வேலை பார்த்தவன். சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டும் தொழிற்சாலைப் பேருந்தில் இருவருக்கும் பழக்கம். நிச்சயம் ஆன அன்று, சாப்பிட்டுக் கை கழுவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க அங்கேயே வீடு எடுத்துக்கலாம்னு இருக்கோம். டெய்லி ஜாம்ல நிக்க முடியல லா. நீங்க லீவு நாள்ல வந்து தங்குங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். என் பெண்ணை நான் பார்ப்பதற்கு அவன் லீவு நாளை ஒதுக்கிக் கொடுத்தான்.

என் மனைவி கஸ்தூரி போய்ச் சேர்ந்தபோது லோஷினிக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு பதினோரு வருடமாக, பகலில் யார்டில் இன்ஜின் சத்தம், சாயங்காலம் வீட்டில் அவள் சத்தம். எனக்கு வேறு எந்தச் சத்தமும் தேவைப்பட்டதில்லை. அவன் சொன்னதைக் கேட்டு நான் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆள் இல்லை நான். "அப்பா டர்போ மாதிரி. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம்தான் தூக்கிப் போடும்" என்று லோஷினி கிண்டல் செய்வாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாள்.

கல்யாணப் பரிசாக இரண்டு கார்களைக் காட்டினேன். சிவப்பு டர்போ, வெள்ளை என்.ஏ. எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

உங்களுக்குக் கார் பழக்கம் இல்லை என்றீர்கள், அதனால் வித்தியாசத்தைச் சொல்கிறேன். டர்போவில், வெளியே போகிற புகையே ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். மிதித்தால் ஒரு நொடி சும்மா இருக்கும், பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளும். பழைய கார் என்றால் அந்தச் சூட்டில் ரப்பர் குழாய்கள் காய்ந்துபோயிருக்கும், முன்னால் வைத்திருந்தவன் பிரஷரை ஏற்றி விளையாடியும் இருப்பான். என்.ஏ.வில் டர்போ கிடையாது. தானாக இழுக்கிற மூச்சுதான். கால் கேட்டதை மட்டும் கொடுக்கும், அதிகம் வேண்டுமென்றால் இன்ஜினைக் கத்த விட வேண்டும். அதனிடம் ஒளிவுமறைவு இல்லை. நானும் அந்த ஜாதிதான் என்று நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை காலையில் இருவரும் யார்டுக்கு வந்தார்கள். அவன் சிவப்புக் காரை மூன்று சுற்று சுற்றினான். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவினான். லோஷினியும் சிவப்புதான் அழகு என்றாள். அப்போது அவன் என்னைப் பார்த்தான்.

"மாமா, உங்களுக்குன்னா எத எடுப்பீங்க?"

"வெள்ளைதான் மாப்பிள்ளை. சிவப்பு ஒரு வாரம் சந்தோஷம், அப்புறம் மாசத்துல பாதி நாள் ஒர்க்‌ஷாப்ல கெடக்கும். வெள்ள உங்களக் கைவிடாது."

"அலமாக், ஆசப்பட்டது அது," என்று சிரித்தான். "சரி, மாமா சொன்னா வெள்ளையே."

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடத்தில் சிவப்பு டர்போவில் ஏறி உட்கார்ந்தவன் யாரும் என் பேச்சைக் கேட்டு இறங்கியதில்லை. இவன் இறங்கினான். என் ஆலோசனையில் ஒரு பொய்யும் கிடையாது, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்ட மஞ்சள் கோட்டுக்கு வருகிறேன். ஒரு நட்டை முறுக்கி முடித்ததும், நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பது என் வழக்கம். பிற்பாடு நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நசுங்கிப்போன வெள்ளைக் காரில் பிரேக் குழாய் நட்டுகள் தளர்ந்திருந்தன, கோடு மட்டும் உடையாமல் நேராக இருந்தது. அப்படியென்றால் தளர்த்திய பிறகு போட்ட கோடு. அதை நீங்கள் கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது, புவான்.

நான்தான் தளர்த்தினேன். வியாழக்கிழமை மத்தியானம், நல்ல மழை, ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வேலை முடிந்ததும் கை தானாகப் பேனாவைத் தேடிப் பழைய கோட்டை அழித்துப் புதிய கோட்டை இழுத்துவிட்டது. முடித்த வேலைக்குக் கோடு போடாமல் எழுந்திருக்க எனக்குத் தெரியாது. மாட்டிக்கொண்டதில் வருத்தம் இல்லை, அரைகுறையாக விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அவன் எதை எடுப்பான் என்று வியாழக்கிழமையே எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். தெரியாது. சிவப்புக் கார் இன்னும் யார்டில்தான் நிற்கிறது. அதையும் தூக்கிப் பாருங்கள், அதிலும் கோடு நேராக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் வாகன பூஜை. அது முடிந்ததும் அவன் மட்டும் குளுவாங்கிற்குப் போய் அவன் அம்மாவுக்குக் காரைக் காட்டுவதாகப் பேச்சு. முதல் சில கிலோமீட்டருக்குப் பிரேக்கில் ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம்தான் செம்பனைத் தோட்டத்து இறக்கம். நான் கணக்குப் போட்டது அவ்வளவுதான்.

நான்கு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழத்தை நான்தான் வைத்தேன். கார் நசுக்கிக்கொண்டு மெதுவாக முன்னால் வந்தது. அப்போது பூசாரி லோஷினியைப் பார்த்து, "மொத ஓட்டம், வீட்டுக்கு வரப்போற பொண்ணு பக்கத்துல ஒக்காரணும். ஏறும்மா," என்றார். எங்கள் வழக்கம் அது. என் முதல் காரில் கஸ்தூரியும் அப்படித்தான் ஏறி உட்கார்ந்தாள். எத்தனையோ கார்களைப் பூஜைக்கு அனுப்பியவன், இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

லோஷினி ஏறினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, சோறு ஆக்காதீங்க. வர்றப்ப பிரியாணி வாங்கிட்டு வர்றேன்."

நான் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கற்பூரம் அணைந்த பிறகும் தட்டைக் கீழே வைக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று நீங்கள் நினைக்கக் கூடாது. கோயில் வாசலில் ஒரு பேருந்து குறுக்கே நின்று திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிக்கும் வரைக்கும் கார் என் எதிரிலேயே நின்றது. ஒரு நிமிடம் இருக்கும். இறங்கும்மா என்று சொன்னால் அவள் இறங்கியிருப்பாள். ஏன் மாமா என்று கேட்டு அவனும் இறங்கியிருப்பான். அப்புறம் கல்யாணம் நடக்கும், அவள் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவாள்.

பேருந்து நகர்ந்தது. அவள் கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன்.

இறக்கத்தின் கடைசி வளைவில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. மற்றது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது.

யுகேந்திரனை அவன் வீட்டார் குளுவாங்கிற்கு எடுத்துப் போனார்கள். லோஷினியை நான் விடவில்லை. அவள் அம்மாவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தேன், என் யார்டிலிருந்து பத்து நிமிட நடைதான். நீங்கள் வந்து என்னைக் கூட்டிப்போகும் வரைக்கும் தினமும் காலையில் போய் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூராக இருந்தால் லீவு நாளில்தான் பார்த்திருக்க முடியும்.