அறுபத்திமூணு குதிரை

— நான் கார்ல இருந்து இறங்கி எவ்வளவு நேரமாச்சு, இன்னும் அந்த ஸ்கிரீனையே முறைச்சுட்டு இருக்கீங்களே. முறைச்சா நம்பர் கூடுமா?

— விஷயம் என்னன்னா, பிரிண்ட் போடலாமா வேண்டாமான்னு யோசிக்கிறேன்.

— போட வேண்டியதுதானே.

— போடுறேன். பொடிசு எங்க?

— உங்க தங்கச்சியா? பின்னாடி குழாய்ல கை கழுவிட்டு வர்றேன்னு போனா. இவ்வளவு வளந்துட்டா, இன்னும் பொடிசாம்.

— அழுதாளா?

— அவ அழுது நீங்க பாத்திருக்கீங்களா? வெல்டிங் பொறி கையில பட்டாலே உதறிட்டு வேலையைப் பாக்கிறவ. அறுபத்திமூணுன்னு நீங்க சொன்னதும் "சரி"ன்னா. அவ்வளவுதான். அந்தச் "சரி"யைத்தான் என்னால தாங்க முடியல.

— காலையில பழைய சைலன்சரோட இன்ஜின் பலம் அறுபத்திரண்டு குதிரை. இப்ப அவ செஞ்ச சைலன்சர் பைப்பு, புது ஏர் ஃபில்டர் எல்லாம் மாட்டி அறுபத்திமூணு. ஒண்ணே ஒண்ணு.

— ஒரு குதிரை கூட்டவா அந்தப் பொண்ணு இத்தனை மாசம் பைப்பை வளைச்சு வளைச்சு ஒட்டினா?

— உருளை மேல சக்கரத்தை ஓட விட்டு அளக்கிற மெஷின், பொய் சொல்லாது.

— ஆமா, மெஷின் சொல்லாது.

— என்ன, ஒரு மாதிரி பேசுற?

— ஒண்ணுமில்ல. பத்து குதிரை கூடினாத்தான் அந்தப் பெரிய கம்பெனியில அவளை வேலைக்கு எடுப்பாங்களா? ஏழு எட்டுன்னா எடுக்க மாட்டாங்களா?

— பத்துன்னு கறாரா சொல்லிட்டாங்களாம். கூடினா பெட்டியைக் கட்டிட்டு வரலாம், இல்லேன்னா வீட்டுலயே இருக்கலாம்.

— அப்ப வீட்டுலதான்.

— வீட்டுலதான்.

— இன்னொரு ரன் போட்டுப் பாக்கலாமேங்க.

— எதுக்கு? மூணு ரன் போட்டாச்சு. இன்ஜின் கொதிக்குது. உனக்கும் கால் வலிக்குதுன்னியே.

— உங்ககிட்டயா சொன்னேன்?

— பொடிசுகிட்ட சொன்ன. "இன்னொரு தடவை மிதிச்சுப் பாக்கிறீங்களா அண்ணி"ன்னு கேட்டா, நீ கால் வலிக்குதுன்ன. இங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேக்குது.

— கால் வலிக்கலங்க.

— சரி, வலிக்கலன்னா போய் வண்டியை இழுத்துக் கட்டியிருக்கிற பெல்ட்டைக் கழட்டு. வண்டியை உருளை மேல இருந்து இறக்கணும். வேற ஒருத்தர் வர்றாரு.

— இந்தக் கடையில ஒரு சட்டம் வெச்சிருக்கீங்களே, சாமான் செஞ்சவங்க கால் வண்டியில படக் கூடாதுன்னு. அது எதுக்கு?

— இது என்ன புதுசா கேக்கிற? செஞ்சவனே மிதிச்சா, நம்பர் கூடணும்ங்கிற ஆசையில சாமான் மாட்டுறதுக்கு முன்னாடி ரன்ல பெடலைத் தடவிக் கொடுப்பான், மாட்டின பின்னாடி ரன்ல ஏறி நிப்பான். அதான் முன்னும் பின்னும் ஒரே கால். சம்பந்தமில்லாத கால். அதுக்குத்தான் நீ.

— என் கால் சம்பந்தமில்லாத காலா?

— பின்ன?

— அவ போயிட்டா இந்த வீட்டுல நான் யார்கிட்டங்க பேசுவேன்? நீங்க பகல் முழுக்க இன்ஜின்கிட்ட பேசுவீங்க, வீட்டுக்கு வந்தா தலையணைகிட்ட பேசுவீங்க. கல்யாணமாகி வந்தப்போ நாத்தனார் இருக்கா, ஜாக்கிரதைன்னு எங்க வீட்டுல அத்தனை பேரும் பயமுறுத்தி அனுப்பினாங்க. வந்து பாத்தா, எனக்குக் கார் ஓட்டவே அவதான் கத்துக் கொடுத்தா. காம்பவுண்டு சுவத்துல ரெண்டு தடவை இடிச்சேன். ரெண்டு தடவையும் தான் இடிச்சதா உங்ககிட்ட சொன்னா.

— அது நீயா?

— நான்தான். இப்ப அது முக்கியமில்ல.

— எது முக்கியம்?

— நான் முழுசா மிதிக்கலங்க.

— ம்.

— என்ன ம்? காதுல விழுந்துச்சா? காலையில பெடல் தரையோட ஒட்டுற வரைக்கும் மிதிச்சேன். அவ பைப்பை மாட்டினதுக்கப்புறம் மிதிக்கல. முதல் ரன்ல கால் தானா தயங்குச்சு, அது சத்தியம். ரெண்டாவது ரன்ல தயங்கினது நான். மூணாவதுல தெரிஞ்சே, எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தினேன். திட்டுங்க. எதாவது சொல்லித் தொலைங்க.

— திட்ட என்ன இருக்கு.

— என்ன இருக்கா? அந்தப் புள்ள தலையில மண்ணை அள்ளிப் போட்டிருக்கேன், திட்ட என்ன இருக்குங்கிறீங்களே!

— விஷயம் என்னன்னா...

— உங்க வாயில "விஷயம் என்னன்னா" வந்தாலே எதையோ மூடப் போறீங்கன்னு அர்த்தம். நேரா சொல்லுங்க.

— எனக்குத் தெரியும்.

— எது?

— நீ மிதிக்கலன்னு. இங்க ஸ்கிரீன்ல பச்சையா ஒரு கோடு ஓடும். பெடல் எவ்வளவு அமுங்கியிருக்குன்னு காட்டுற கோடு. காலையில உச்சியில போய் நின்னுச்சு. அப்புறம் போட்ட மூணு ரன்லயும் பாதிக்குக் கொஞ்சம் மேல வந்து படுத்துடுச்சு.

— தெரிஞ்சுதான் வாயைத் திறக்காம இருந்தீங்களா?

— ஆமா.

— இருங்க, அவளும் உள்ள வந்து ஸ்கிரீனைப் பாத்தாளே. அவ கண்ணுல அந்தக் கோடு பட்டிருக்குமே.

— பட்டிருக்காது. அவ வர்றதுக்குள்ள மறைச்சுட்டேன். ஒரு பட்டன்தான்.

— அடப்பாவி மனுஷா!

— சொல்லு. நல்லா சொல்லு.

— நான் மட்டும்தான் தப்பு பண்ணிட்டு உள்ளுக்குள்ள செத்துட்டு இருக்கேன்னு நினைச்சேன். நீங்க பக்கத்துல உக்காந்து அதுக்குக் குடை பிடிச்சிருக்கீங்க. எதுக்குங்க? உங்களுக்குமா பேச்சுத் துணை வேணும்?

— என் கை நடுங்குது.

— இப்பவா? காட்டுங்க.

— இப்ப இல்ல, ஒட்டும்போது. வெல்டிங் டார்ச்சைப் பிடிச்சா கோடு நெளிஞ்சு போகுது. ரொம்ப நாளாவே இப்படித்தான். இந்தக் கடையில இருந்து வெளிய போற ஒவ்வொரு ஜாயிண்ட்டும் அவ போட்டது. வர்றவன் எல்லாம் "அண்ணே, உங்க கை தங்கம்ணே"ன்னுட்டுப் போறான். நானும் சிரிச்சுட்டே தலையாட்டுறேன்.

— அவ பக்கத்துல இருக்கும்போதேவா?

— பக்கத்துலதான் குனிஞ்சு பிரஷ் போட்டுட்டு இருப்பா. ஒரு நாள்கூட அது நான் போட்டதுன்னு சொன்னதில்ல. அவ போயிட்டா என் சாயம் வெளுத்துடும். அதான் பட்டனை அமுக்கிட்டேன்.

— உங்களுக்கு உங்க பேரு, எனக்கு என் அரட்டை. நம்ம ரெண்டு பேரும் சேந்து, நீ செஞ்சது ஒண்ணுக்கும் தேறாதுன்னு அவளை நம்ப வெச்சாச்சு.

— வாயால சொல்லாத. கேக்க முடியல.

— கேக்கத்தான் வேணும்.

— ஒண்ணு செய்யலாமா? இன்னிக்கு இதை இப்படியே விட்டுடுவோம். கொஞ்ச நாள் போகட்டும். பைப்போட நீளத்தைக் கொறைச்சுப் பாருன்னு நான் சொல்றேன். அவளும் கொறைப்பா. அப்ப நீ ஒழுங்கா மிதி. நம்பர் தானா வந்துடும். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல.

— அதுவரைக்கும் அவ தூங்காம, தன் கை மேல தானே சந்தேகப்பட்டு, நல்லா இருக்கிற பைப்பை அறுத்துப் போட்டுட்டு உக்காந்திருப்பா. நாம டீ குடிச்சுட்டே வேடிக்கை பாக்கணும். அப்படித்தானே?

— நான் அப்படிச் சொல்ல வரல.

— அப்படித்தான் சொன்னீங்க. எனக்கும் ஒரு நிமிஷம் அது நல்லாத்தான் பட்டுச்சு, அதான் பயமா இருக்கு. நான் போய் வண்டியில உக்காரப் போறேன். ஃபேனைப் போடுங்க. அந்தப் பச்சைக் கோட்டையும் போடுங்க.

— அவளைக் கூப்பிட வேண்டாமா?

— முதல்ல நம்பர் வரட்டும். வெறுங்கையோட அவ முன்னாடி போய் நிக்க எனக்குத் தைரியம் இல்ல.

— பெல்ட்டு இறுக்கமா இருக்கான்னு ஒரு தடவை இழுத்துப் பாரு.

— பாத்துட்டேன். ரூம் கதவைத் திறந்தே வைங்க, அப்பத்தான் நீங்க கத்துறது கேக்கும்.

— நாலாவது கியர். நான் சொல்றப்ப மிதி. ரெடியா?

— ரெடி!

— மிதி!

— மிதிச்சுட்டேன்!

— விட்டுடாத! ஊசி சிவப்பைத் தொடுற வரைக்கும் விடாத!

— இதுக்கு மேல தரையை உடைச்சுட்டுத்தான் போகணும்!

— போதும்! எடு, காலை எடு!

— எவ்வளவு? ஏங்க! உங்களைத்தான், எவ்வளவு?

— எழுபத்தஞ்சு.

— காது அடைச்சிருக்கு, சத்தமா சொல்லுங்க!

— எழுபத்தஞ்சு! பதிமூணு குதிரை கூட்டியிருக்கா என் தங்கச்சி! இந்த டப்பா காருக்குப் பதிமூணு! என் கை நல்லா இருந்த காலத்துலகூட நான் எட்டைத் தாண்டினதில்ல.

— என் வண்டியை டப்பான்னு சொல்லாதீங்க. என்னங்க, அழறீங்களா?

— புகை.

— புகையை இழுக்கிற குழாய் ஓடிட்டுத்தானே இருக்கு.

— அப்ப அழறேன். விடு.

— அண்ணா.

— பொடிசு! வந்துட்டியா? இங்க வா. வந்து இந்த ஸ்கிரீனைப் பாரு.

— இப்ப யாரு மிதிச்சது? அண்ணியா?

— நான்தான்டி. அப்பவும் நான்தான், இப்பவும் நான்தான். இப்பத்தான் முழுசா மிதிச்சேன். அப்ப வேணும்னே விட்டுட்டேன். நீ போயிடுவியேன்னு விட்டுட்டேன். எனக்கு வேற யாருடி இருக்கா?

— தெரியும் அண்ணி.

— என்ன தெரியும்?

— நான் செஞ்ச பைப்பு முழுசா திறந்தா எப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியாதா? வாசல்லதானே நின்னேன். அதனாலதான் இன்னொரு தடவை மிதிக்கிறீங்களான்னு உங்களைக் கேட்டேன்.

— நான் கால் வலிக்குதுன்னு சொன்னேன்.

— ஆமா.

— அவளை மட்டும் சொல்லாத பொடிசு. பச்சைக் கோட்டை மறைச்சது நான்.

— எப்பவும் இருக்கிற கோடு இன்னிக்கு மட்டும் காணோமே, அதுவும் பாத்தேன்.

— பாத்துட்டுமா "சரி"ன்னு சொல்லிட்டுப் போன? கன்னத்துல ரெண்டு விட்டிருக்கலாமேடி. இப்பவாவது விடு. இப்படி சும்மா நிக்காத, பாக்க முடியல.

— உங்களை நான் எப்படி அண்ணி அடிப்பேன்?

— பொடிசு, நான் சொல்றதைக் கேளு. நீ நாளைக்கே கிளம்பு. நானே அந்தக் கம்பெனிக்குப் போன் பண்றேன். இந்த நம்பரை நானே அனுப்புறேன். இனிமே வர்றவன் எவன் என் கையைப் புகழ்ந்தாலும், அது என் கை இல்லடா, என் தங்கச்சி கைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றேன்.

— போன் பண்ண வேண்டாம் அண்ணா. அவங்க போன வாரமே பாத்துட்டாங்க.

— பாத்துட்டாங்களா? எப்படி?

— டயர் மாத்தணும்னு அண்ணி வண்டியை ஒரு நாள் எடுத்துட்டுப் போனேனே, இந்தப் பைப்பை மாட்டிட்டு அங்கதான் போனேன். அவங்க மெஷின்லயும் பதிமூணுதான். வேலை உனக்குத்தான், எப்ப வர்றன்னு கேட்டாங்க. யோசிச்சு சொல்றேன்னுட்டு, பழைய சைலன்சரையே திரும்ப மாட்டி எடுத்துட்டு வந்துட்டேன்.

— அப்புறம் எதுக்குடி இன்னிக்கு இவ்வளவு பாடு?

— அந்தப் பதிமூணை நம்ம மெஷின்ல உங்க ரெண்டு பேருக்கும் காட்டணும்னு ஆசையா இருந்துச்சு அண்ணி. காட்டிட்டு, வேலை கிடைச்சுடுச்சு, ஆனா நான் போகல, உங்களோடயே இருந்துடுறேன்னு சொல்லத்தான் வந்தேன். அண்ணன் அறுபத்திமூணுன்னதும் வெளிய போய், வேலைக்கு வர்றேன்னு அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன்.