மூன்றாவது சத்தம்

வெடிக்காத தோட்டாவால் ஒரு மனிதனைக் கொன்ற ஆள் இந்த மான்டானா மாநிலத்திலேயே நான் ஒருவன்தான். அவன் செத்த இடத்தில் நான் இல்லை. துப்பாக்கி என்னுடையதில்லை, அதைப் பிடித்திருந்த கையும் என்னுடையதில்லை. நான் அப்போது வீட்டு முன்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். சென்ற ஆகஸ்டில் வட்டாரக் கண்காட்சி மேடையில் நின்று இதை அப்படியே சொன்னேன். லாஸ்ட் மிட்டன் ஊரே எழுந்து நின்று கைதட்டியது. முதல் பரிசும் கொடுத்தார்கள்.

நீங்கள் வெளியூர் வக்கீல் என்பதால் சொல்கிறேன்: அது புளுகுப் போட்டி. பன்றிகளுக்குப் பரிசு கொடுத்து முடித்ததும் நடக்கும். ஜெயித்தவனுக்குப் பொன்வண்ணம் பூசிய சாணி வாரும் மண்வெட்டி ஒன்று தருவார்கள். என் கார் ஷெட் சுவரில் அந்த மண்வெட்டிகளைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

நான் ஆர்லோ ஸ்டென்ரூட், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். என் பேருந்தில் ஏறிய பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும், எங்கள் ஊர்க் கொசு இரண்டு சேர்ந்தால் கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும், பிறகு திரும்பி வந்து அதன் கழுத்து மணியை ஆட்டித் தாய்ப்பசுவையும் கூப்பிடும். ஒரு ஜனவரியில் என் நிழல் சாலையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. கடப்பாரையால் பெயர்த்து, சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வீடு திரும்பினேன். இப்படித்தான் பேசுவேன். எவரையும் ஏமாற்றியதில்லை, ஏனென்றால் எவரும் நம்பியதில்லை.

டெல்மர் ப்ரூயிட் என் நண்பன். நான் பலூன் ஊதுவேன், அவன் ஊசி குத்துவான். நான் பிடித்த மீன் படகைவிட நீளம் என்றால், "ஆமா, பொம்மைப் படகு, பக்கத்துல நான்தான் இருந்தேன்" என்பான். சபை சிரிக்கும். அவன் இல்லாமல் என் கதைகள் முடியாது என்றே சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

ஒரே ஒரு கதையை மட்டும் அவன் குத்தாமல் விட்டுவைத்திருந்தான். பனிப்புயலில் பேருந்து நிறையப் பிள்ளைகளோடு பாலத்தைக் கடந்த கதை. கண்ணாடியில் பனி மூடிவிட, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றில் கம்பி வேலி பாடும் சத்தத்தை மட்டும் கேட்டே நான் வண்டியை ஓட்டி வந்தேன் என்பது கதை. அதற்காக ஊரில் எனக்கு ஒரு விருந்துகூட வைத்தார்கள். நான் இந்தப் பரிசு வாங்கியதற்கு முந்தைய ஆண்டுக் கண்காட்சியில் டெல்மர் கொஞ்சம் பீர் குடித்திருந்தான். நான் மேடையில் வேலிக் கம்பி வரைக்கும் வந்திருந்தேன். கீழேயிருந்து அவன் குரல் வந்தது.

"கம்பியும் பாடல, ஒண்ணும் பாடல. நான்தான்டா லாந்தரைப் புடிச்சுக்கிட்டு முன்னால நடந்தேன். நீ ஸ்டீயரிங் மேல தலைய வெச்சு அழுதுக்கிட்டு இருந்தே. பெரிய பிள்ளைங்க உனக்கு மூக்கு தொடைச்சு விட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சில பேர் சிரிப்பதை நிறுத்தினார்கள். அந்தப் பேருந்தில் இருந்த பிள்ளைகள் இப்போது பெரியவர்கள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அது நிஜம் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. டெல்மர் மறுநாள் வந்து வருத்தம் தெரிவித்தான். "விடுடா" என்றேன். நாங்கள் சேர்ந்து காபி குடித்தோம். சின்ன விஷயம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம்கூட, நீங்கள் கேட்டீர்கள் என்பதுதான்.

அடுத்த வசந்தத்தில் டெல்மருக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். கரடிக் காட்டுக்குப் போகும்போது அவன் எப்போதும் தன் பழைய இரும்பு ரிவால்வரை இடுப்பில் கட்டிக்கொண்டு போவான். நீளக் குழல், குதிரை லாடம்போலக் கனம். அந்தக் கனத்தை இனி இடுப்பு தாங்காது என்று அவன் மனைவி நடீன் பிறந்த நாளுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாள். கட்டைவிரல் அளவு குழல், பழையதற்குப் போடும் அதே தோட்டாதான், ஐந்து கொள்ளும். அவ்வளவு லேசு, காற்றடித்தால் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைக்க வேண்டும். மற்றவர்கள் கரடியை விரட்ட மிளகாய்ச் சாறு பீய்ச்சும் குப்பி கொண்டுபோவார்கள். டெல்மர் மாட்டான். "என்னைத் திங்க வர்ற கரடிக்கு நானே மசாலாவும் கொண்டு போகணுமா?" என்பான்.

தோட்டாக்களை எப்போதும் நான்தான் அவனுக்கு நிரப்பித் தருவேன். அந்த வேலையில் என் கை சுத்தம். ஊரில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் என்னுடைய ஒரே உண்மை அது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பித்தளைக் கூட்டுக்குள் வெடிமருந்து, அதன் வாயில் ஈயக்குண்டு. குண்டைச் செருகியதும் கூட்டின் விளிம்பை உள்பக்கமாக மடித்துக் குண்டைக் கவ்வச் செய்ய வேண்டும். அதை நான் வாய்க்கட்டு என்பேன். கனமான துப்பாக்கிக்கு வாய்க்கட்டு தளர்ந்தாலும் பாதகமில்லை. லேசான துப்பாக்கி அப்படியல்ல. பள்ளிப் பேருந்தை வெடுக்கென்று பின்னுக்கு எடுத்துப் பாருங்கள், நிற்கிற பிள்ளைகள் எல்லோரும் முன்னால் சாய்வார்கள். அதேதான். ஒரு தோட்டா வெடித்ததும் லேசான துப்பாக்கி வெடுக்கென்று பின்னால் பாயும். தோட்டாக்களைப் போடும் சுழல் உருளையில் காத்திருக்கிற மற்ற குண்டுகள் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும்; கூட்டைவிட்டு மெல்ல முன்னால் நழுவும். இரண்டு முறை குலுக்கினால் ஒரு குண்டின் மூக்கு உருளைக்கு வெளியே வந்து துப்பாக்கியின் உடம்பில் முட்டும். அதன்பின் உருளை சுற்றாது, விசையும் அசையாது. கையில் இருப்பது வெறும் உலோகம்.

டெல்மர் கண்காட்சியன்று தன் வாயைக் கட்டவில்லை. நான் அவன் தோட்டாக்களின் வாயைக் கட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

எண்ணம் வெறும் கேலிதான். செப்டம்பரில் எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் போட்டி நடக்கும். ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். திடல் வாசலில் தொங்கும் விதிப்பலகையை எழுதியவன் நான்தான். எழுத்து அழகாக இருக்கும், போய்ப் பாருங்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் டெல்மரின் துப்பாக்கி சிக்கி அவன் அசடு வழிய வேண்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும். ஒருவருக்கொருவர் நாங்கள் இப்படி நிறையச் செய்திருக்கிறோம்.

அவன் பெட்டியை வாங்க வந்தபோது நான் எதையும் மறைக்கவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

"எப்படிடா இருக்கு சரக்கு?" என்றான்.

"ரெண்டு வெடிக்கும். மூணாவதுல சிக்கிக்கும்" என்றேன்.

"நீ சொல்லிட்டேல்ல, அப்போ நூறு வருஷத்துக்குச் சிக்காது." பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "சனிக்கிழமை ஹக்கிள்பெர்ரி பறிக்க மேல போறேன். நடீனுக்கு ஜாம் பண்ணணுமாம்."

"மேல ஒரு பொட்டைக் கரடி சுத்துது. ரெண்டு குட்டி வேற. நானே பாத்தேன்."

"எவ்வளவு பெருசு? படகு அளவா?"

"சாதாரணக் கரடி அளவு."

அதற்கு அவன் சிரித்த சிரிப்பு இன்னும் என் ஷெட்டில் இருக்கிறது. "அப்போ மலையில கரடியே இல்லடா. நிம்மதியாப் போய்ட்டு வரேன்."

இரண்டையும் சொன்னேன். இரண்டும் உண்மை. என் எழுபது சொச்ச வயதில், இடையில் ஒரு பொய்கூடக் கலக்காமல் தொடர்ந்து பேசிய ஒரே பேச்சு அதுவாகத்தான் இருக்கும். நம்பாமல் போனது அவன்.

சனிக்கிழமை காலையில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். என் வீடு மலையடியில். மேலிருந்து ஒரு சத்தம் கேட்டது. இயந்திரத்தை நிறுத்தினேன். இன்னொன்று கேட்டது. மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். அது வெடித்துவிட வேண்டும் என்றுதான் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். மலை அமைதியாக இருந்தது. ஒரு மரங்கொத்தி மட்டும் வேலை செய்தது. பிறகு இயந்திரத்தைக் கிளப்பி, வேலியோரம் மீதியிருந்த புல்லையும் வெட்டி முடித்தேன். பாதியில் விட்டால் தரை பார்க்க நன்றாக இருக்காது.

ஷெரீப் ராஸ்முசன் என் பேருந்தில் வளர்ந்த பையன். டெல்மரின் உடலுக்குப் பக்கத்துப் புதருக்குள் துப்பாக்கியை அவன்தான் கண்டெடுத்தான். உருளை இறுகியிருந்தது. கரடி மிதித்ததில் நசுங்கிவிட்டது என்று நினைத்து, முன்பக்கம் மரச்சுத்தியலால் தட்டித் திறந்திருக்கிறான். தட்டிய தட்டில் நழுவிய குண்டு சமர்த்தாகக் கூட்டுக்குள் திரும்பிப் போய்விட்டது. சின்னத் துப்பாக்கி, பெரிய கரடி, பாவம் டெல்மர். விசாரணை அத்தோடு முடிந்தது.

ஆகஸ்ட் கடைசியில் மேடை ஏறினேன். பாவத்தை ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினேன். வேறு எங்கே எனக்குப் பேசத் தெரியும்? ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், செத்தவனை வைத்துக் கதையா என்று. முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நண்பனை இழந்தவன் அவனுக்குக் கடைசி மரியாதையாக ஒரு மாபெரும் புளுகு விட்டான் என்று எடுத்துக்கொண்டார்கள். கைதட்டல் ஓயும்வரை நின்றேன். நீளமான கைதட்டல். நடுவில் ஒருமுறை குனிந்து வணங்கவும் செய்தேன்.

மறுநாள் ராஸ்முசனிடம் நேரே போனேன்.

"நேத்து சொன்னது நெஜம்டா தம்பி."

"பெருசு, மண்வெட்டிதான் குடுத்தாச்சே. இன்னும் என்ன?"

விடாமல் நின்றேன். பையன் நல்லவன். என் மனம் ஆறட்டும் என்று டெல்மரின் பெட்டியிலிருந்து ஆறு தோட்டாக்களை எடுத்து, என் கண் முன்னால் சுட்டுக் காட்டினான். தன்னுடைய துப்பாக்கியில். அது இரண்டு கிலோ கனக்கும். ஆறும் கடிகாரம்போல வெடித்தன.

"அருமையான சரக்கு" என்று முதுகில் தட்டினான். "வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அதையும் சொல்ல வேண்டும்.

நடீன் தூங்கவில்லை. அவள் எனக்கு ஜாம் தடவிய ரொட்டி கொண்டு வருவாள். டெல்மர் பறித்துவைத்திருந்த கடைசி வாளிப் பழம். என்னால் அதை விழுங்க முடியாது, அவள் போனதும் நாய்க்குப் போடுவேன். ஒரு நாள் என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள்:

"வீட்டை விக்கப் போறேன் ஆர்லோ. ஸ்போகேன்ல தங்கச்சிகிட்ட போயிடறேன். அந்தப் பொம்மைத் துப்பாக்கிய நான்தானே அவன் கையில குடுத்தேன். பழசு இருந்திருந்தா ஆள் திரும்பி வந்திருப்பான். ரிப்பன் கட்டிக் குடுத்தேன் ஆர்லோ. ரிப்பன் கட்டி என் புருஷனைக் கொன்னேன்."

"நீ இல்ல, நான்" என்றேன். முழுவதையும் மறுபடி சொன்னேன். கொசு இல்லாமல், நிழல் இல்லாமல்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ விட்டதுலயே நல்ல பொய் இதுதான். என் பாரத்தை நீ சுமக்கப் பாக்கறே. டெல்மர் கேட்டிருந்தா அழுதிருப்பான்."

அந்த நிமிடம் சும்மா இருந்திருந்தால், நான் இந்த ஊரிலேயே மிக நல்ல மனிதனாகச் செத்திருப்பேன். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் இன்னும் என் கையை விடவில்லை.

"துப்பாக்கி உன்கிட்டதானே இருக்கு? மிச்சத் தோட்டாவும் இருக்கா?" என்றேன். "எடுத்துக்கிட்டு வா. ஷெரீப்போடதுல இல்ல, அதுலயே சுட்டுப் பாரு."

சங்கத் திடலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அக்டோபர் வெயில். நடீன் பண்ணையில் பிறந்தவள், துப்பாக்கி பிடிக்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்தையும் போட்டாள். "உன் மனசுக்காகத்தான் இது, கெழவா. முடிஞ்சதும் இந்தப் பேச்சை விட்டுடணும்" என்றாள்.

முதல் முறை சுட்டாள். துப்பாக்கி கழுதைபோல உதைத்தது. இரண்டாவது முறையும் சுட்டாள்.

மூன்றாவது முறை விசை அசையவில்லை. இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். உருளையைக் கையால் திருப்பப் பார்த்தாள். குழலை மண்மேட்டைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் குனிந்து நோக்கினாள். ஒரு ஈயக்குண்டு உருளைக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றேன். என் குரலில் ஒரு குஷி இருந்தது. அதை நானே கேட்டேன். "சொன்னேன்ல? சொன்னபடியே மூணாவது. போட்டியில இப்படித்தான் மாட்டிக்கிட்டு முழிப்பான்னு நெனச்சேன், நடீன். வெறும் கேலி. மலையில ஆகும்னு நெனைக்கல."

அவள் துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். காதடைப்பைக் கழற்றினாள். நிமிர்ந்து என் தலைக்கு மேலே எதையோ பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"'நான்கு அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள துப்பாக்கிக்குப் போட்டியில் அனுமதி இல்லை.' இது யார் எழுத்து?"

"என்னுதுதான்."

"டெல்மர் போட்டிக்கு எதைக் கொண்டு வருவான்?"

"பழசை."

"அதுல இந்தத் தோட்டா சிக்குமா?"

"சிக்காது."

"அப்போ இதை எந்தப் போட்டிக்குப் பண்ணே, ஆர்லோ?"

வாய் திறந்தேன். கேட்ட மாத்திரத்தில் கதை சொல்லாமல் நான் என்றுமே இருந்ததில்லை. காத்திருந்தேன். மலையைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

நடீன் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள்.

"நடந்திருக்கு" என்றாள். "நீ சொன்ன மாதிரி இல்ல. ஆனா நடந்திருக்கு."