ஆத்தூர் அணைக்குத் திரும்பிய ஒன்பது மணி பஸ்

1961-ம் வருஷம் நவம்பர் மாதம் 20-ந் தேதி திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, திண்டுக்கல் நகரக் காவல் நிலையத்தில் சாட்சி தானாக ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் செபாஸ்தியம்மாள். வயது நாற்பத்தாறு இருக்கும். கணவர் பெயர் அருளப்பன், பூட்டுப் பட்டறையில் வேலை செய்கிறார். திண்டுக்கல் காளவாசல் சந்தில் குடியிருக்கிறேன். சுருட்டுக் கொட்டடியில் புகையிலைக்குக் காம்பு கிள்ளுவது என் வேலை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், ரேகை வேண்டாம். இதற்கு முன் நான் எந்தக் கேஸிலும் வந்ததில்லை. குழாயடிச் சண்டையை விலக்க இரண்டு தடவை போலீஸ்காரர் வந்திருக்கிறார், அது கேஸ் ஆகவில்லை.

யாரும் கூப்பிடாமல் நான் இங்கே வந்த காரணம் டிரைவர் ஒச்சப்பன். முந்தாநாள் சனிக்கிழமை அவன் ஓட்டிய வத்தலக்குண்டு பஸ்ஸில் நானும் இருந்தேன். அதே பஸ்ஸில் வந்த பத்திர எழுத்தர் கண்ணுசாமி என்பவர், தம் சம்மதம் இல்லாமல் பஸ்ஸை வேறு பாதையில் திருப்பித் தம்மைப் பலவந்தமாக அடைத்துக் கொண்டு போனதாக எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதைக் கேட்டதும் பஸ் முதலாளி ஒச்சப்பனிடம் இருந்த சாவியை வாங்கிக்கொண்டு, கேஸ் ஆனால் இந்தப் பக்கமே வராதே என்று அனுப்பிவிட்டார். கேஸ் ஆனால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் அவனுக்கு வேறு பிழைப்புக் கிடையாது. பஸ்ஸைத் திருப்பியது அவன் கை என்றாலும் திருப்ப வைத்தது என் வாய். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று இன்ஸ்பெக்டர் ஐயாவிடமே கேட்டேன். பழமொழி வேண்டாம், நடந்ததை வரிசையாகச் சொல் என்றார்கள். சொல்கிறேன்.

எங்கள் சந்துக்கு ஒரே குழாய். வீட்டுக்கு இரண்டு குடம். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று சர்க்கார் ஆட்களை மிரட்டுவார்களே, அந்தக் காட்டில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்திருக்கிறோம். எதிர் வீட்டில் இருப்பவள் கமர்ஜஹான். அவளும் நானும் ஒரு குடம் முன்னே பின்னே வைத்ததற்காக ஒன்றரை வருஷமாகப் பேசுவதில்லை. இதெல்லாம் வழக்குக்கு அவசியமா என்று இதை எழுதுகிற ரைட்டர் ஐயா கேட்டார். அவசியம். போன புதன்கிழமை குழாயடியில் நிற்கும்போது, ஆத்தூர் அணை நிரம்பி உபரித் தண்ணீர் மறுகால் போகிறது என்று யாரோ சொன்னார்கள். எங்கள் குழாயில் வருவது அந்த அணைத் தண்ணீர்தான். உடனே கமர்ஜஹான் என்னிடம் சொல்லாமல் தன் குடத்தைப் பார்த்துச் சொன்னாள். "வாழ்நாள் பூரா இந்தக் குழா மூஞ்சியவே பாத்தாச்சு. இது எங்கேருந்துதான் வருதுன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துரணும்." நானும் என் குடத்தைப் பார்த்துச் சொன்னேன். "சனிக்கிழம ஒம்பது மணி பஸ்ஸுக்கு நான் போறேன். வாரவுக வரலாம்."

அதன் பிறகு சனிக்கிழமை காலை நான் கொட்டடிக்கு லீவு சொல்லிவிட்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு மாயம்மாளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கமர்ஜஹான் எங்களுக்கு முன்பே வந்து பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பெரிய தூக்குச் சட்டி. மூன்று பேரும் செம்பட்டிக்கு டிக்கெட் வாங்கினோம். அங்கே இறங்கி, குதிரை வண்டி பிடித்து அணைக்குப் போய், சாயங்காலப் பஸ்ஸுக்குத் திரும்புவது என்று எங்கள் யோசனை. வழியெல்லாம் மழை பெய்து வயல் பச்சென்று இருந்தது. மாயம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொக்கை எண்ணிக்கொண்டே வந்தாள். எனக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது.

அதன் பிறகு ஒன்பதே முக்கால் வாக்கில் செம்பட்டியில் இறங்கினால், ஒரு வண்டி இல்லை. இருந்த வண்டியெல்லாம் விடிந்ததும் அணைக்குக் கூட்டம் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார். அணைக்கு ஆறு மைல். நானும் மாயம்மாளும் நடந்துவிடுவோம். கமர்ஜஹானுக்கு இரண்டு முழங்காலும் வீக்கம். அவள் கல் மேல் உட்கார்ந்து, தூக்குச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்து, "நீ போயிட்டு வா செபஸ்தி. பாத்துட்டு வந்து எப்புடி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு, அது போதும்" என்றாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, கூடவே ஆத்திரமும் வந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் பஸ் டீக்காக அங்கேயே நின்றது. ஒச்சப்பன் மட்கார்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அப்போது அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. நேரே போய், "ஏப்பு, நீ அந்த அணையப் பாத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா பாக்க? எட்டு வருஷமா இதே ரோட்டுல போறேன், வாரேன். அங்கிட்டுத் திரும்ப ஏது நேரம்?"

"அப்ப இன்னைக்குத் திருப்பு."

"ஏத்தா, வெளையாடாத. பேட்ஜப் புடுங்கிருவாக."

அவன் மறுத்தான் என்பதைத் தயவுசெய்து தனியாக எழுதிக்கொள்ளவும். மூன்று தடவை மறுத்தான். நான்தான் விடவில்லை. தண்ணீர் தூக்குகிற ஊரில் பிறந்து தண்ணீரைப் பார்க்காமல் சாகிறதா என்றும், உன் வீட்டுப் பொம்பளையும் எங்கேயோ ஒரு குழாயடியில் நிற்கிறவள்தானே என்றும் கேட்டேன். கடைசியில் அவன் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தான். கண்டக்டர் இருதயநாதன் குறுக்கே வந்து, "பாசஞ்சர் அம்புட்டுப் பேரும் ஒத்துக்கிடணும். ஒரு ஆளு வேண்டாம்னு சொன்னாலும் வண்டி நேரா வத்தலக்குண்டுதான்" என்றார். அது ஞாயம்.

அதன் பிறகு நான் பஸ் படியில் ஏறி நின்று, உள்ளே இருந்தவர்களைப் பார்த்து, அணை பார்க்க வருகிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். எங்களையும் சேர்த்து முப்பத்தொரு பேர். முப்பது பேர் கை தூக்கினார்கள். ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார், அதை நான் ஒன்றாகத்தான் எண்ணினேன். தூக்காதவர் பத்திர எழுத்தர் கண்ணுசாமி ஒருவர்தான். மொடமொடவென்று கஞ்சி போட்ட வேட்டி, குடை, தோல் பை. வத்தலக்குண்டில் ஒரு கிரயப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும் என்று சொன்னார். பஸ் முழுவதும் அவர் முகத்தையே பார்த்தது. அவர் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "பன்னெண்டுக்குள்ள என்னைய வத்தலக்குண்டுல எறக்கிருவியா?" என்று கேட்டார். "அங்கிட்டிருந்து பதினொண்ணுக்கு எடுத்தா எறக்கிருவேன் சார்" என்று ஒச்சப்பன் சொன்னான். "அப்பச் சரி" என்றார். அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பஸ் திரும்பியிருக்காது. அவர் சொன்னது அந்த "அப்பச் சரி" மட்டும்தான்.

அதன் பிறகு பஸ் ஆத்தூர் ரோட்டில் திரும்பியது. ரோடு மோசம், தூக்கித் தூக்கிப் போட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பத்தரை ஆவதற்குள் அணைக்குப் போய்விட்டோம். இறங்குவதற்கு முன்பே சத்தம் கேட்டது. கமர்ஜஹானை நானும் மாயம்மாளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கரை மேல் ஏற்றினோம்.

தண்ணீரைப் பற்றி என்ன சொல்வது. செம்மண் நிறத்தில், கரை தளும்ப நின்று, மறுகால் வழியாகப் பாலைப் பொங்கவிட்ட மாதிரி விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. வரிசை கிடையாது, குடம் கிடையாது, கேட்பார் கிடையாது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அடிப்பாவி, இம்புட்டையும் இங்கே வைத்துக்கொண்டா எங்களுக்கு இரண்டு குடம் அளந்து விட்டாய் என்று தண்ணீரைப் பார்த்துத் திட்டினேன். கமர்ஜஹான் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, "யா அல்லா, வலியே தெரியல செபஸ்தி" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல என்ன வெட்கம். இத்தனை வயசில் நான் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

சோற்றைப் பிரித்தோம். கமர்ஜஹானின் தூக்குச் சட்டியில் தேங்காய்ச் சோறும் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய்த் தொக்கும் இருந்தது. மூன்று பேருக்கு அவ்வளவு ஏது என்று கேட்டதற்கு, "ஒனக்குப் பிடிக்குமேன்னு கூடப் போட்டேன்" என்றாள். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கொடுத்தோம். புகார்தாரரும் வாங்கிச் சாப்பிட்டார். பதினோரு மணிக்கு ஒச்சப்பன் ஹாரன் அடித்தான். ஒருவரைத் தவிர எல்லோரும் எழுந்து பஸ்ஸுக்கு வந்துவிட்டோம்.

பஸ் ஏன் பதினோரு மணிக்குப் புறப்படவில்லை என்று வினவியதில் கூறுவதாவது: இதைச் சொல்ல எனக்கு மனசில்லை. ஒரு மனுஷர் சந்தோஷமாக இருந்ததைப் போலீஸில் வந்து சொல்வது கோள் மூட்டுகிற மாதிரி இருக்கிறது. புகார்தாரர் வெளி வராந்தாவில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார், நான் வரும்போது பார்த்தேன். ஆனால் நான் சொல்லாவிட்டால் ஒச்சப்பன் சோறு போய்விடும். அதனால் சொல்கிறேன்.

சாப்பிட்டுக் கை கழுவப் போன கண்ணுசாமி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அதன் பிறகு சட்டையைக் கழற்றி மடித்துத் தோல் பை மேல் வைத்தார். கடிகாரத்தை என்னிடம் கொண்டு வந்து, "ஏம்மா, இதச் செத்த வச்சிரு, நனஞ்சிரப் போகுது" என்று கொடுத்தார். அதன் பிறகு மறுகாலுக்குக் கீழே, முழங்கால் ஆழத்தில் இறங்கினார். இறங்கினவர் உட்கார்ந்தார். தண்ணீருக்குள் உட்கார்ந்தார் என்றே எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் அவர் தலையில் விழுந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவு பெரிய மனுஷர் அப்படிச் சிரிப்பார் என்று நான் நினைக்கவில்லை.

முதல் ஹாரனுக்கு அவர் திரும்பவில்லை. பதினொன்றே காலுக்கு அடித்த ஹாரனுக்குக் கையைத் தூக்கி, "செத்த இருங்கப்பா" என்றார். மூன்றாவது ஹாரனுக்குப் பிறகு இருதயநாதன் நேரில் போய்க் கூப்பிட்டதற்கு, "இந்தா வந்துட்டேன், ஒரு முங்கு" என்றார். எத்தனை முங்கு முங்கினார் என்று ரைட்டர் ஐயா கேட்டார். ஒரு முங்கு என்று எழுதுங்கள், வயசான மனுஷர். அவர் கரை ஏறும்போது மணி பதினொன்று நாற்பது. எப்படித் தெரியும் என்றால், அவர் கடிகாரம் என் கையில்தானே இருந்தது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த முப்பது பேரில் ஒருவரும் அவரை வைது பேசவில்லை. ஒச்சப்பன் தன் துண்டைக் கொடுத்துத் தலை துவட்டச் சொன்னான்.

அதன் பிறகு பஸ் வத்தலக்குண்டு போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. நாங்களும் சும்மா ஊர் பார்க்கலாம் என்று கடைசி வரை போனோம். பஸ் ஸ்டாண்டில் நிலம் வாங்க இருந்த அவருடைய கட்சிக்காரர் காத்துக்கொண்டு நின்றார். நிலம் விற்க வந்தவர்கள் பார்த்துப் பார்த்து மனசு மாறி ஊருக்குப் போய்விட்டார்களாம். "ஈர வேட்டியோட வந்து நிக்கிறீரே, பத்திரம் எழுத வந்தீரா, குளிக்க வந்தீரா?" என்று ஊரே பார்க்கக் கத்தினார். கண்ணுசாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த அவமானத்தில்தான் யார் மேலாவது பழியைப் போட வேண்டும் என்று எழுதியிருப்பார். எனக்கு அவர் மேல் வருத்தம் கிடையாது. அவரும் எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தான்.

ஒச்சப்பன் குடித்திருந்தானா என்று வினவியதில், டீ குடித்தான், வேறு எதுவும் இல்லை. வேகமாக ஓட்டினானா என்றதில், இல்லை. யாருக்காவது காயம் உண்டா என்றதில், இல்லை. யார் மேலாவது வழக்குப் போட்டே தீர வேண்டும் என்றால் என் மேல் போடுங்கள். கமர்ஜஹான் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி வாசலில் நிற்கிறாள். அவளுக்கு நிற்க முடியாது, சீக்கிரம் முடித்தால் நல்லது.

என் வாயால் சொன்னதுதான் இதில் எழுதியிருக்கிறது. உரக்க வாசித்துக் காட்டக் கேட்டேன். யாரும் சொல்லிக் கொடுத்தோ, பயமுறுத்தியோ நான் பேசவில்லை. சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) செபாஸ்தியம்மாள்

இன்ஸ்பெக்டராகிய என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது. மேற்படி வாக்குமூலம் உரக்க வாசிக்கப்பட்டபோது, வராந்தாவில் இருந்த புகார்தாரர் திரு. கண்ணுசாமி உள்ளே வந்து, அதில் ஒரு பிழை இருப்பதாகக் கூறி, திருத்த அனுமதி கேட்டார். அனுமதிக்கப்பட்டது. அவர் தம் சொந்தப் பேனாவால் ஓரத்தில் எழுதியது வருமாறு:

"அடித்தல் திருத்தல் ஒன்று. 'ஒரு முங்கு' என்றிருப்பது 'மூன்று முங்கு' எனத் திருத்தப்பட்டது. மற்றவை யாவும் சரி.

(ஒப்பம்) கண்ணுசாமி, பத்திர எழுத்தர்."