நேரில் போய்ப் பார்த்தேன்

இந்த அறையின் ஏர்கோன் இன்னும் ஒரு மாதம்கூடத் தாங்காது, இன்ஸ்பெக்டர் மாதவி. விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது. நின்றுபோன பிறகு ஆளைத் தேடினால் ஒரு வாரம் வேர்வையில் குளிக்க வேண்டியிருக்கும், இப்போதே சொல்லி வையுங்கள். இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. எது கெடப்போகிறது என்பதைக் கெடுவதற்கு முன்னால் சொல்வது.

தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னதற்கு நன்றி. மலாயில் என்னால் பாசாரில் மீன் விலை பேச முடியும், சண்டையும் போட முடியும். நடந்ததை வரிசையாகச் சொல்வதற்குத் தமிழ்தான் சரிப்படும். பெயர் கன்னையா, வயது ஐம்பத்து மூன்று, வீடு சாலாக் செலாத்தான். சரண் எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் கம்பெனி பிரிக்பீல்ட்ஸில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது. கிளினிக், கிடங்கு, டியூஷன் சென்டர் என்று முந்நூறு இடங்களின் நெட்வொர்க் சாதனங்களைப் பார்த்துக்கொள்கிறோம். ஒவ்வோர் இடத்திலும் ஓர் இரும்பு ரேக் நிற்கும். அதில் சுவிட்ச் என்கிற பெட்டி, பெட்டியில் இருபத்து நான்கு ஓட்டைகள், ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு கேபிள். ஏதாவது ஒரு கேபிள் கழன்றால் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் திரையில் சிவப்பு விழும். உடனே நான் அந்த இடத்துக்குப் போன் போடுவேன். முதலில் அங்கே இருக்கும் ஆளிடம் பேச வேண்டும், பிறகுதான் இயந்திரத்தைத் தொட வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். புதிதாக வந்த ஒவ்வொருவனுக்கும் அதைச் சொல்லித் திட்டியிருக்கிறேன். வாடிக்கையாளர்களையும் திட்டியிருக்கிறேன். நான் கோபக்காரன்தான். ஆனாலும் "கன்னையாவக் கூப்பிடு" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.

சரண் மூன்று வருடத்துக்கு முன் வந்து சேர்ந்தான். இருபத்தொன்பது வயது, அதிர்ந்து பேசத் தெரியாத பையன். போன வருடம் அவனுக்கும் நிரஞ்சனிக்கும் கல்யாணம் நடந்தபோது வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றவன் நான். அந்த அளவுக்குப் பழக்கம். அவன்மேல் எனக்குப் பகை எதுவும் இருந்ததில்லை. இதைப் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்த வேலையைத் தானாகவே செய்கிற ஒரு மென்பொருளை அவன் உருவாக்கினான். சிவப்பு விழுந்தால் அதுவே பார்க்கும், அதுவே சாதனத்தை நிறுத்தித் தொடங்கும், அதுவே வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுதும். எங்களோடு தமிழிலேயே பேசும். எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொடுக்க, நான் இருபத்திரண்டு வருடமாக எழுதி வைத்த பழுதுப் பதிவுகளை எல்லாம் அதற்குத் தின்னக் கொடுத்திருந்தான். முதலாளி இராமலிங்கம் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. வாடிக்கையாளர்களுக்குப் பழகிய பெயர் என்பதால் பதில்கள் எல்லாம் என் பெயரிலேயே போகட்டும் என்று முடிவு செய்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு வேலை போகவில்லை. டியூட்டியில் இருப்பவன் என்று என்னை ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார வைத்தார்கள். அதற்கு ஏதாவது சந்தேகம் வந்தால் என் போனில் கேட்கும். நான் பதில் எழுத வேண்டும், முடித்துவைக்க வேண்டும். நாளுக்கு ஐம்பது கேள்வி வந்தது, பிறகு பத்து, பிறகு இரண்டு. போன் ஒலிக்காத வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

செமினியில் ஒரு கிளினிக் நடத்துகிற லோகேஸ்வரி அம்மாவை ஜூன் மாதம் ஒரு விருந்தில் பார்த்தேன். பதினான்கு வருடப் பழக்கம். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கன்னையா, இப்பல்லாம் நீங்க ஏசுறதே இல்ல லா. எவ்ளோ பொறுமையா பதில் சொல்றீங்க. போன வாரம் என் மகனுக்குக் காய்ச்சல்னு சொன்னேன், மறுநாள் ஞாபகமா விசாரிச்சீங்க பாருங்க, அழுதுட்டேன்."

அந்தப் பையனுக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியாது. நான் தலையாட்டிவிட்டுச் சோறு போட்டுக்கொண்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. என்னைவிட நல்ல கன்னையா ஒருவன் ஊரில் நடமாடிக்கொண்டிருந்தான்.

ஆனால் அதற்காக நான் இதைச் செய்யவில்லை. என் கவலை வேறு. சாதனம் கெட்டால் அதற்குத் தெரியும். மனிதனுக்கு ஒன்று என்றால் அதற்கு என்ன தெரியும்? இதைச் சரணிடம் பல முறை கேட்டேன். "கத்துக்கும் அண்ணே" என்று சிரிப்பான்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் சரணும் கிள்ளானில் ஒரு கிடங்குக்குப் போனோம். ரேக் அறையில் யு.பி.எஸ் பேட்டரிகளை மாற்றும் வேலை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டே முக்கால் வரை அங்கே ஈ காக்கை இருக்காது. எல்லாரும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுவார்கள். கேட் காவலரும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். பல வருடமாக அப்படித்தான்.

இப்படி ஓர் அறையில் வேலை பார்க்கும்போது அந்த இடத்தின் எச்சரிக்கைகளை முதலில் ஊமையாக்கி வைப்பது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் ஒவ்வொரு கேபிளுக்கும் போன் அலறும். நான் போனை எடுத்தபோது சரண் தடுத்தான்.

"இன்னிக்கு அத ஊமையாக்க வேணாம் அண்ணே. உள்ள ஆள் இருக்கும்போது அது எப்படிப் பேசுதுன்னு பாருங்க. நீங்க கேட்டீங்கல்ல, அதத்தான் ரெண்டு மாசமா செஞ்சேன்."

பழைய பேட்டரி ஒன்று அப்போது என் கையில் இருந்தது. ஒரு பேக்கரி ரொட்டி அளவுதான் இருக்கும், எடை ஆறு கிலோ. அவன் முழங்காலிட்டு ரேக்கின் அடித்தட்டைத் துடைத்துக்கொண்டே பேசினான்.

"மொதலாளிகிட்ட பேசிட்டேன் அண்ணே. ஒண்ணாந்தேதிலேர்ந்து உங்களுக்கு டியூட்டி போன் கிடையாது. எத்தன வருஷம் தூக்கம் கெட்டீங்க. இனிமே நிம்மதியா இருங்க, சம்பளம் அப்படியே வரும்."

அன்பாகத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதல் அடியை நான் நினைத்து அடிக்கவில்லை. பேட்டரி அவன் காதுக்கு மேலே இறங்கியது. ஈரத்துணியைத் தரையில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். இரண்டாவது அடி நினைத்து அடித்தது. அவன் புரண்டு எழப் பார்த்தான், முழங்காலில் போட்டேன், எலும்பு விட்டுப்போனது கைக்கே தெரிந்தது. "அண்ணே" என்றான். வலியில் கூப்பிட்டானா, ஏன் என்று கேட்டானா, தெரியவில்லை. வலது கை சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போயிற்று. அந்தக் கையைத் தரையில் வைத்து, அதன்மேல் பேட்டரியை இரண்டு முறை போட்டேன். மூன்றாவது தேவைப்படவில்லை. அவனுடைய போனையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு, ரத்தம் பட்டிருந்த சட்டையைக் கழற்றிக் காரில் இருந்த வேறு சட்டையை மாட்டிக்கொண்டேன். அறையைப் பூட்டினேன். அது கெட்டியான கதவு. ஏர்கோன் இரைச்சல் வேறு. உள்ளே கத்தினால் வெளியே கேட்காது.

அப்போது மணி ஒன்று ஐந்து. காரை எடுத்துக்கொண்டு கிள்ளான் டவுனில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பசி இருந்தது. இலை போட்டார்கள். போனை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சரி, இதற்கு என்ன தெரிகிறது என்று பார்ப்போம் என்று நினைத்தேன். அதற்கு நான் வைத்த சோதனை இதுதான்.

ஒன்று இருபத்தொன்றுக்கு முதல் எச்சரிக்கை வந்தது. ஒன்றாம் ஓட்டையில் கேபிள் இல்லை. பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. மூன்றும் சரக்கு அடுக்குகளைப் பார்க்கும் கேமராக்களின் கேபிள்கள். கேமரா விழுந்தால் மிக அவசரம் என்பது சரணே எழுதி வைத்த விதி. அவன் ரேக்கைப் பிடித்து எழுந்துவிட்டான் என்று புரிந்தது. ஒரு நிமிடத்தில் மூன்றும் திரும்பி வந்தன. மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் திரும்பின. இடது கை ஒன்றை வைத்துக்கொண்டு பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிறான்.

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அது எனக்கு எழுதியது: "அண்ணே, கிள்ளான் கிடங்கில் கேபிள்கள் ஒரே வரிசையில் கழன்று கழன்று செருகப்படுகின்றன. கோளாறு மாதிரி இல்லை. ஓர் ஆள் கையால் செய்வது மாதிரி இருக்கிறது. பார்க்கிறீர்களா?"

இதில் ஒன்றும் பெரிய சாமர்த்தியம் இல்லை. என் பதிவுகளைப் படித்தால் யாருக்கும் தெரியும். "உள்ளே வேலை நடக்கிறது, கோளாறு இல்லை" என்று எழுதி முடித்துவைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்டது. "வேலை நடந்தால் இப்படி அதே மூன்று கேபிள்கள் ஒன்பது முறை கழலாது அண்ணே. அங்கே இருக்கும் ஆளிடம் பேசினீர்களா?"

என் சட்டத்தையே என்னிடம் நீட்டியது. எனக்குக் கோபம் வந்தது. "பேசினேன்" என்று எழுதினேன். முடித்துவைத்தேன்.

பிறகு கேபிள்கள் திரும்பி வருவது நின்றது, கழல்வது மட்டும் நடந்தது. நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று நிமிடம் ஆயிற்று. மூன்றாவது முறையாக எழுதியது: "வேகம் குறைகிறது. அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையோ என்று தோன்றுகிறது. யாராவது நேரில் போனால் நல்லது அண்ணே. நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள்."

நேரில் போகச் சொன்னால் போக வேண்டியது என் கடமை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் போகாமல் இருந்ததில்லை. "போகிறேன்" என்று எழுதிவிட்டு, இலையை மடித்து, கை கழுவி, காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு அறையைத் திறந்தேன்.

சரண் நின்றுகொண்டிருந்தான் என்று சொல்ல முடியாது, தொங்கிக்கொண்டிருந்தான். முழங்கால் தாங்காததால் இடது கையை ரேக்கின் தூணில் வளைத்து மாட்டியிருந்தான். வலது கை கையாகவே இல்லை. கேபிளைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். வாயெல்லாம் ரத்தம், நீலக் கேபிள்களும் சிவப்பாகியிருந்தன. கதவுச் சத்தம் கேட்டதும் யாரோ உதவிக்கு வந்துவிட்டார்கள் என்று திரும்பினான். சரணின் முகம் இரவில் வருகிறதா என்று நேற்றுக் கேட்டீர்கள். இல்லை. நான் நன்றாகத் தூங்குகிறேன்.

பேட்டரி வைத்த இடத்திலேயே இருந்தது. எத்தனை முறை என்று எண்ணவில்லை. உங்கள் மருத்துவர் ஏழு என்றால் ஏழாக இருக்கலாம். எனக்குக் குறைவாகத்தான் தோன்றியது. கடைசியில் பல்லிடுக்கிலிருந்த கேபிளை எடுத்து, துடைத்து, அதன் ஓட்டையில் செருகினேன். மற்றவற்றையும் செருகினேன். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. பிறகு விபத்து மாதிரித் தெரிய, பக்கத்திலிருந்த பேட்டரி ரேக்கை அவன்மேல் சாய்த்துவிட்டு, போனில் எழுதினேன்: "1.52க்கு நேரில் போய்ப் பார்த்தேன். சரியாகிவிட்டது."

"நன்றி அண்ணே. நீங்கள் போனதால் நிம்மதி" என்று எழுதி அதுவே முடித்துவைத்தது.

உங்களிடம் முதல் நாள், இரண்டே முக்கால் வரை கடையில் சாப்பிட்டேன், திரும்பி வந்தபோது ரேக் சரிந்து கிடந்தது என்று சொன்னேன். அது பொய். ஆனால் பழுதுப் பதிவில் நேரத்தைப் பொய்யாக எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. போன நேரத்தைப் போன நேரமாகத்தான் எழுதுவேன். அதில் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். கேட்டையோ அறையையோ பார்க்கும் கேமரா இல்லாமல், சாட்சி இல்லாமல், என் கையெழுத்து மாதிரி அந்த ஒரு வரி. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

நேற்று மாலை நீங்கள் ஒரு தாளைக் காட்டினீர்கள். சரண் அதற்கு எழுதி வைத்த விதிகள். டியூட்டியில் யார் இருந்தாலும், மனிதனுக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் அவர் பதிலை நம்பாதே, முதலாளிக்கும் ஆம்புலன்ஸுக்கும் தகவல் கொடு என்று இருந்தது. அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: "கன்னையா அண்ணன் சொன்னால் மட்டும் நம்பு. அவர் போகாமல் சொல்ல மாட்டார்."

அதைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சரணைக் கொன்றது நான்தான். இரண்டு முறை அந்த அறைக்குள் போய், இரண்டாவது முறை முடித்தேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. ஆனால் நாற்பத்தேழு நிமிடம் அவன் உயிரோடு இருந்தான், உதவி கேட்டான், கேட்டது என் போன் வரைக்கும் வந்து சேர்ந்தது. இயந்திரத்தை நம்பினால் இதுதான் நடக்கும், மேடம். அந்த இடத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தால் பையன் பிழைத்திருப்பான்.