பின்தளத்தில் படுத்திருந்தவர்

உச்சிப் பொழுது சாய்ந்த நேரம். ஆள் அரவமே இல்லாத நீண்ட நடை… இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். கால் வைத்தால் சத்தம் எழாத தடித்த கம்பளம். பார்த்தால் தெரு மாதிரிதான் இருக்கும். ஆனால் அடியில் மண் கிடையாது. நடுக்கடல். பேய் வர இருட்டு வேண்டும் என்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

அந்த நடையில் தனியாகப் போனவர், அதோ போர்வைக்குள் முகத்தைப் புதைத்திருக்கிறானே கண்ணாடிக் கடைக்காரன், அவனுடைய அண்ணன். பல் டாக்டர். தம்பிக்காரன் வாயைத் திறக்கமாட்டான். அவன் அண்ணி சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

அந்த மனிதருக்கு ஊர் வைத்த பெயர் குறடு. பல் பிடுங்குவதால் மட்டும் இல்லை, பேச்சும் அப்படித்தான். யார் சிரித்தாலும் அவர் கண்ணுக்குச் சிரிப்பு தெரியாது, சொத்தைதான் தெரியும். அண்ணி வருஷக்கணக்கில் கெஞ்சி, ஒருவழியாகச் சொகுசுக் கப்பலில் ஏறினார்கள். அன்றைக்கு எந்தக் கரையிலும் நிற்காத நாள். பொழுது பூரா கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கலாம். இவருக்குத்தான் பொறுக்கவில்லை. நீச்சல் குளத்தில் இருந்தவர்களை ஊறப்போட்ட பருப்பு என்றார். தட்டில் அள்ளிக்கொண்டு போனவர்களைப் பஞ்சத்தில் அடிபட்டதுகள் என்றார். அண்ணி ஆசையாக ஓர் அகலத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். முறம் நன்றாக இருக்கிறது என்றார்.

"ஒரு நாளாவது சும்மா இருக்கக் கூடாதா நீங்க?"

அண்ணி கேட்டது அவ்வளவுதான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மனிதர் கிளம்பிவிட்டார். மனித வாடையே இல்லாத இடம் தேடி… கீழ்த்தளம், அந்த நடை, கடைசியில் கனத்த இரும்புக் கதவு. தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

சின்னப் பின்தளம். இயந்திரத்தின் உறுமல் உள்ளங்காலில் ஏறியது. சுவரோரம் சாய்வு நாற்காலிகள். எல்லாம் காலி. கடைசி நாற்காலியில் மட்டும் ஒருவர்… கோட்டுப் போட்டுக்கொண்டு, மல்லாந்து, வாயைப் பிளந்து தூக்கம்.

தொழில் புத்தி விடுமா? குனிந்து பார்த்தார். கீழ் வரிசையில் கட்டியிருந்த பல்லைப் பார்த்து, எவனோ கொத்தனார் வேலை என்று உதட்டைப் பிதுக்கினார். அப்புறம்தான் கவனித்தார்…

வாய் நிறையத் தண்ணீர். பல் விளிம்பு வரைக்கும்.

கப்பல் லேசாகச் சாய்ந்தது. வாய்க்குள் தண்ணீரும் சாய்ந்தது… மெதுவாகத் திரும்பி வந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒரு குமிழி இல்லை. துருப்பிடித்த இரும்பும் அழுகிய பாசியும் சேர்ந்த வாடை.

நாமாக இருந்தால் ஓடியிருப்போம். குறடு என்ன செய்தார் தெரியுமா? குடித்துவிட்டு, வாய் கொப்பளிக்கும்போதே தூங்கிப்போன ஜென்மம் என்று முடிவு கட்டினார். நாற்காலிக் காலில் ஓர் உதை விட்டு, துப்பித் தொலைக்கச் சொன்னார்.

வாய் மூடியது. கடக்… விழுங்குகிற சத்தம். கண் திறந்தது.

"டாக்டர்… கீழ வலது பக்கம் தாங்க முடியல. கொஞ்சம் பாக்குறீங்களா?"

இவர் டாக்டர் என்று அந்த ஆளுக்கு யார் சொன்னது? அதைக்கூட இவர் யோசிக்கவில்லை.

"நான் லீவுல இருக்கேன். ஊருக்குப் போய் எவன்கிட்டயாவது காட்டு."

"ஊருக்கா…" அந்த ஆள் எழுந்து உட்கார்ந்தார். "சரி. உங்க கூடவே வரேன்."

ஓசிச் சவாரிக்கு ஆள் பார்க்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே குறடு திரும்பி வந்தார். வழியில் அறை துடைக்கும் பணியாளரைப் பிடித்துப் புகார் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் சுண்டிவிட்டது.

"அவர் பேசினாரா சார்? நீங்க பதில் சொன்னீங்களா?"

ஆமாம், நன்றாகவே சொன்னேன் என்றார் இவர். பணியாளர், மல்லாந்து மட்டும் படுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். துடைப்பம் பிடிக்கிறவன் எனக்கு வைத்தியம் சொல்கிறான் என்று அதையும் அண்ணியிடம் நக்கலாகச் சொல்லிக் காட்டினார்.

அந்தி சாயும் நேரம். மேல்தளத்தில் அண்ணி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் இவர் மல்லாந்து கண் அயர்ந்தார். சளப்… சளப்… படகின் ஓரத்தில் அலை மோதுகிற மாதிரி ஒரு சத்தம். இவ்வளவு உயரத்தில் எப்படிக் கேட்கும்? அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

திறந்த வாய். பல் விளிம்பு வரைக்கும் தண்ணீர். முகம் நீலம்.

எங்கிருந்துதான் பலம் வந்ததோ, ஆளை ஒரே புரட்டாகப் புரட்டிப்போட்டு முதுகில் குத்தினாள். கொட்டியது… கொட்டிக்கொண்டே இருந்தது. அண்ணியின் புடவையெல்லாம் உப்பு. மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, யாரிடமும் சொல்லிவிடாதே, சிரிப்பார்கள் என்பதுதான்.

ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்கள் வீட்டிலிருந்து கடலுக்கு ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். இருந்தும் அவர் கண் அயர்ந்தால் தானாக மல்லாந்துவிடுகிறார், வாயில் தண்ணீர் நிறைகிறது. அண்ணி கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். தாடையைப் பிடித்துச் சாய்த்து வடிய விடுகிறாள். விடிந்தால் மனிதர் பழையபடி ஊரையே எகத்தாளம் பேசக் கிளம்பிவிடுகிறார்.

போன வாரம் கிண்ணத்தைக் கொட்டப் போனவள், விளக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அடியில் கொஞ்சம் மணல்… மணலுக்கு மேலே, நகக்கண் அளவுக்கு ஒரு மீன் குஞ்சு.

நீந்திக்கொண்டிருந்தது.