மூணாவது லைன்ல பேசினது

வெறும் கேமரான்னா நாங்க ஏம்மா பயப்படப்போறோம்? கேமரா எப்பவோ இருக்குது. கேட்டாண்ட ஒண்ணு, ஸ்டோர்ல ஒண்ணு, தோல் திருடு போவக்கூடாதுன்னு. அது பாட்டுக்கு இருக்கும். இது வேற. ஒவ்வொரு மிஷினுக்கு மேலயும் ஒண்ணு, இத்துனூண்டு, கருப்பா. பின்னாடி ஒரு கம்ப்யூட்டர். அது ஆளப் பாக்காது, நாற்காலியப் பாக்கும். நாற்காலி காலியாச்சுன்னா எண்ண ஆரம்பிச்சிடும். ஏழு நிமிஷம் வரைக்கும் பச்ச. எட்டாவது நிமிஷம் செவுத்து டிவில உன் நம்பர் செவப்பாயிடும். ஹால்ல இருக்கிற எரநூறு பேரும் பாப்பாங்க.

காப்பி ஆறுது, குடி. சக்கர கம்மியா இருந்தா சொல்லு. ஞாயித்துக்கெழம அதுவுமா இத விசாரிக்கவே சென்னையிலேர்ந்து ஆம்பூர் வந்திருக்க. நானும் பூசைக்குப் போய்ட்டு வந்து சும்மாதான் இருக்கேன். இந்த வூட்டுல ஒருத்தர் ஒக்காந்து காப்பி குடிச்சே அஞ்சு மாசம் ஆவுது. டம்ளரே ஒண்ணுதான் வெளிய இருந்துச்சு, உனக்கு பீரோ மேலேர்ந்து எடுத்துக் கழுவினேன்.

ஆமா, அப்ப நான் மூணாவது லைன் சூப்பர்வைசர். ஷூவோட மேல் பாகம் இருக்கு பாரு, அப்பர்னு சொல்லுவோம், அதத் தைக்கிற லைன். முப்பத்தாறு பொம்பளைங்க. நானே அந்த மிஷின்ல பன்னெண்டு வருஷம் தச்சவதான்.

கேமரா ஏன் வந்துச்சுன்னு என்னக் கேக்கற. அத நீ உன்ன அனுப்பினவங்களத்தான் கேக்கணும். உன்னச் சொல்லலம்மா, எங்க ஷூவ வாங்கற அந்த வெளிநாட்டுக் கம்பெனிய, பாயர்னு சொல்லுவோம், அதச் சொல்றேன். ஜோடிக்கு வெலயக் கொறச்சான். தொண்ணூறு நாள் டயம் குடுத்தவன் அறுவது நாள்ல கப்பல்ல ஏத்துன்னான். எங்க மொதலாளி இன்னா பண்ணுவாரு, பெங்களூர்லேர்ந்து இத வாங்கியாந்து மாட்டினாரு. அதே மாசம் அதே வெளிநாட்டுக்காரன் கேன்டீன் செவுத்துல ஒரு போஸ்டர் ஒட்டுறான். உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்னு. ஒரு பொம்பள சிரிச்சிக்கினு இருப்பா அதுல. கீழ கட்டம் கட்டமா ஒரு படம், போன்ல புடிச்சா ஆப் வரும், அதுல பேசலாம். பேரு வேணாம், கொரலயே மாத்திடுவோம்னு போட்டிருந்தான். ஒரு கையில கழுத்தப் புடிச்சிக்கினு, எங்கம்மா வலிக்குதுன்னு கேக்கற மாரி. நீ சிரிக்கற. நாங்களும் அன்னிக்கு சிரிச்சோம்.

கட்சிக்காரங்களா? கேமராவத் தொறந்து வெக்கவே மந்திரிதான் வந்தாரு. எலெக்‌ஷனுக்கு மூணு மாசம் இருந்துச்சு. நாங்க யூனிபார்ம் போட்டுக்கினு ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னோம். இந்தியாவே ஆம்பூரத் திரும்பிப் பாக்குது, இன்னும் ரெண்டாயிரம் பேருக்கு வேல வரும்னாரு. கை தட்டினோம். பின்னாடி நாலு பேரு போயி எதிர்க்கட்சி ஆபீஸ்ல சொல்லிப் பாத்தாங்க. வர்ற வேலயத் தடுத்தோம்னு பேரு வந்துடும்மா, எலெக்‌ஷன் முடியட்டும்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க. எலெக்‌ஷனும் முடிஞ்சுது.

சௌந்தர்யா விஷயம் உனக்குத் தெரியுமில்ல? உனக்குக் குடுத்த பேப்பர்ல இருக்கா? பேப்பர்ல இன்னா போட்டிருக்கு, மயக்கம்னா?

ஒடுகத்தூர் பக்கத்துப் பொண்ணு, எங்க லைன்லதான் தச்சா. காலைல அஞ்சரைக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸு ஏறணும். ஏழு மாசம் முழுவாம இருந்தா. முழுவாம இருக்கிறவளுக்கு ஒண்ணுக்கு ஜாஸ்தி வரும், அது எல்லாருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியல. கக்கூஸ் ஹாலோட அந்தக் கோடியில இருக்கு. வயித்தத் தூக்கிக்கினு போயி வந்தாலே எட்டு நிமிஷம் தாண்டிடும். ஒரு நாளைக்கு மூணு வாட்டி, நாலு வாட்டி செவப்பாவுறா. ஒருத்தி செவப்பானா லைன் பூராவுக்கும் மார்க் கொறையுது. நான் ஒரு நாள் அவளாண்ட போயி, கொஞ்சம் பாத்துக்கோடி சௌந்தர்யான்னு சொன்னேன். திட்டல. அவ்ளோதான் சொன்னேன்.

அன்னிலேர்ந்து அவ தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டா. பாட்டில கொண்டாருவா, மூடி தெறக்காமலே சாயங்காலம் எடுத்துக்கினு போவா. நான் பாத்தேன். மே மாசம்மா. ஆம்பூர்ல மே மாசம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. ஒம்பது நாள் அப்படி இருந்திருக்கா. பத்தாம் நாள் மிஷின் மேலயே சாஞ்சிட்டா. ஒடம்பு நெருப்பா கொதிக்குது, பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. வேலூருக்குத் தூக்கினு ஓடினோம். கிட்னி வரைக்கும் சீழ் புடிச்சிடுச்சுன்னாங்க. அன்னிக்கு ராவே புள்ள பொறந்துச்சு. ஒரு கிலோ இருநூறு. கண்ணாடிப் பொட்டில முப்பத்தேழு நாள் வெச்சிருந்தாங்க.

பொழச்சிடுச்சு. பொண்ணு. நான் இன்னும் போயி பாக்கல.

நர்சம்மா ஒருத்தங்க என்னாண்ட கேட்டாங்க, ஏம்மா உங்க பாக்டரில தண்ணி வராதான்னு. வருதும்மா, நல்ல தண்ணி, கூலர்லயே வருதுன்னு சொல்லிட்டு வந்தேன்.

அதுக்கு மறுநாள்தான் அந்த ஆப்ல மூணாவது லைன்லேர்ந்து யாரோ பேசினது.

பத்து நாள் கழிச்சு அருணகிரி சார் என்னக் கூப்ட்டாரு. எச்.ஆர். மேனேஜரு. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். தெக்கத்திக்காரரு, வந்து ஒரு வருஷம்தான் ஆச்சு. ஒக்காருங்க கேத்தரின்னாரு. கதவச் சாத்தினாரு. கம்ப்யூட்டர்ல ஒண்ணு போட்டாரு. பாயர் அனுப்பியிருக்கான், வெளக்கம் குடுன்னு கேட்டிருக்கான், கேளுங்கன்னாரு. எங்களப் பத்தி நாங்க சொன்னத யாரு மேல சொன்னோமோ அவங்களுக்கே அனுப்பி வெளக்கம் கேட்டிருக்கான் பாரு. லைன் நம்பரு, தேதி, மணி, எல்லாத்தோடயும்.

கொரல மாத்தித்தான் இருந்துச்சு, அதுல பொய் இல்ல. கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாரி, ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல. சௌந்தர்யா பத்தி, பாட்டில் பத்தி, எட்டு நிமிஷம் பத்தி எல்லாம் இருந்துச்சு. கடைசில, தெனம் இந்தப் பேஜார் தாங்க முடியல சாமி, எங்கள மனுசங்களாப் பாருங்கன்னு முடிஞ்சுது.

சார் அத நிறுத்திட்டு என்னப் பாத்தாரு. பேஜார்னு சொல்றாங்களே, இது பாய்மாருங்க பேசற பேச்சுதானே, உங்க லைன்ல அம்பரீன்னு ஒருத்தங்க இருக்காங்கல்ல, வாயும் கொஞ்சம் ஜாஸ்தி, அவங்கதானேன்னாரு.

நம்மூர்ல பேஜார்னு யாரும்மா சொல்ல மாட்டாங்க? ஐயரு சொல்லுவாரு, பாதிரியாரு சொல்லுவாரு. அத நான் அவராண்ட சொல்லியிருக்கலாம். சொல்லல. யாருன்னு தெரியலன்னா மூணாவது லைனயே கலைச்சிடச் சொல்றாங்க கேத்தரின், சூப்பர்வைசரோட சேத்துன்னாரு.

இருக்கலாம் சார்னு சொன்னேன்.

ஆமா. அந்த ரெண்டு வார்த்ததான். எழுதிக்கோ.

அதுக்காக அம்பரீன வேலய வுட்டு எடுத்தாங்கன்னு எங்கயும் இருக்காது, நீ தேடினாலும் கெடைக்காது. கம்ப்யூட்டர்லேர்ந்து மூணு மாசக் கணக்க எடுத்தாங்க. அம்பரீன் நாற்காலி எத்தினி வாட்டி செவப்பாச்சுன்னு பதினோரு பக்கம். அவளுக்குச் சக்கர வியாதி, அவளும் அடிக்கடி எந்திரிக்கிறவதான். நான் இன்னாம்மா பண்றது, மிஷின் சொல்லுதுன்னாரு சாரு. அடியில சூப்பர்வைசர் கையெழுத்து போடணும். பதினோரு பக்கத்துலயும் போட்டேன். அவளக் கூப்ட்டு, தானா நின்னுக்கறேன்னு எழுதி வாங்கினாங்க. அப்ப நானும் அதே ரூம்லதான் நின்னேன். அவ ஒவ்வொரு பக்கமாத் திருப்பினா. ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்தப் பாத்தா. சண்ட போடுவான்னு நெனச்சேன். வாய் ஜாஸ்திதான் அவளுக்கு, அது நெசம். கையெழுத்துப் போட்டா. பேனாவ மூடி மேஜ மேல வெச்சிட்டு, நாற்காலில போட்டு ஒக்காருவாளே அந்த மெத்தத் துணி, அத மடிச்சு எடுத்துக்கினு போய்ட்டா.

எனக்கு அவ யாருன்னா... இன்னான்னு சொல்றது. தோஸ்த்துன்னா சின்ன வார்த்தயா இருக்கு. பதினெட்டு வருஷப் பழக்கம், அதுல பன்னெண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மிஷினு. நான் கல்யாணம் கட்டிக்கல. தம்பிங்க ரெண்டு பேரு, படிக்க வெச்சேன், ஓசூர்ல ஒருத்தன், துபாய்ல ஒருத்தன், கிறிஸ்மஸ்க்கு போன் பண்ணுவாங்க. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப ஆஸ்பத்திரில ஆறு நாள் கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுப் படுத்தவ அம்பரீன். நோன்பு மாசத்துல நான் அவ எதுர்ல சாப்பிட மாட்டேன். பைத்தியமே, நோன்பு எனக்கா உனக்கான்னு திட்டுவா. ஞாயித்துக்கெழம சாயங்காலம் இங்கதான் இருப்பா. நீ ஒக்காந்திருக்கியே அந்த எடந்தான்.

அவ போன மறுமாசம் எனக்கு ஃப்ளோர் இன்சார்ஜ் குடுத்தாங்க. லைன்ல யாரும் என்ன ஒண்ணும் சொல்லல. அதான் பேஜாரு. முன்ன மாரியேதான் அக்கா அக்கான்றாங்க. நான் போயி ஒக்காந்தா மட்டும் பேச்சு நின்னுடுது. சரின்னு இப்பல்லாம் ஸ்டோர் ரூம்ல ஒக்காந்து சாப்பிடறேன். அட்டப் பொட்டி மேல டிபன் பாக்ஸ வெச்சிக்கினு. அவளுக்கு போன் பண்ணா ரிங்கு போவுது, எடுக்க மாட்டா. தெனம் ஒரு வாட்டி பண்ணுவேன். கட்டும் பண்ண மாட்டா. அது பாட்டுக்கு அடிச்சு ஓயும்.

இன்னா சொன்ன?

அம்பரீனப் பாத்தியா? எப்போ? நேத்தா? மேல்விஷாரத்துலயா? ஓ, மவ வூட்டுல. ஏம்மா மொதல்லயே சொல்லல. சரி, உன் வேல அப்படி. எப்படி இருக்கா? எளச்சிட்டாளா? மாத்திர சாப்பிடறாளாமா? மிஷின் ஒண்ணு வாங்கிப் போட்டு ப்ளவுஸ் தைக்கறாளா. தைப்பா, நல்லாத் தைப்பா.

என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?

இல்லியா. சரி, வுடு.

அப்புறம் இன்னா, சொல்லு. ஏன் தயங்கற. ஆப்ல பேசினது யாருன்னு கேட்டியா அவளாண்ட? இன்னா சொன்னா?

தான்தான்னு சொன்னாளா?

எழுதியே குடுத்தாளா? காட்டு. கண்ணாடி எங்க வெச்சேன்... குடு. அவதான். கையெழுத்து உருதுலதான் போடுவா. மூன்றாவது லைன் பற்றி ஆப்பில் பேசியது நான்தான், வேறு யாருக்கும் தொடர்பு இல்லை. யாருமே கேக்காம எதுக்கு இந்த ரெண்டாவது வரி எழுதியிருக்கா பாரு.

நில்லும்மா. எந்திரிக்காத. பஸ்ஸு பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வரும்.

இத வெச்சு இன்னா பண்ணுவீங்க? இப்படி நடந்துச்சுன்னு ரிப்போர்ட் போவும். பாயரு தன் பேரு கெட்டுடக்கூடாதுன்னு ஆர்டர நிறுத்திட்டு வேற நாட்டுக்குப் போவானா? போனா எரநூறு பேரும் தெருவுல நிக்கணும். போவ மாட்டான்னு உன்னால சொல்ல முடியாது. தெரியும், அது உன் கையில இல்ல. மொதலாளியக் கேட்டா பாயருன்னுவாரு, பாயரக் கேட்டா சட்டம்னுவான், மந்திரியக் கேட்டா வேலன்னுவாரு. எல்லாரும் அவங்கவங்க பங்குக்கு ஒரு பேப்பர் வெச்சிருக்காங்க. என்னுது பதினோரு பக்கம்.

ஆனா இந்தப் பேப்பர நீ சேத்துக்கக்கூடாது. இது பொய். அன்னிக்கு கேன்டீனுக்குப் பின்னாடி அவ என் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தா, யாராவது வர்றாங்களான்னு பாத்துக்கினு. வேணாம் கேத்தி, எனக்காச்சும் புள்ளைங்க இருக்கு, உனக்கு இந்த வேலய வுட்டா இன்னா இருக்குன்னு சொன்னா. நான் கேக்கல. சௌந்தர்யாவாண்ட போயி அப்படிச் சொன்னவ நான். எனக்கு மனசு ஆறல.

அருணகிரி சார் ரூம்ல ஓடிச்சே, அது என் கொரல்மா. நானே ஒக்காந்து கேட்டேன்.

பேனாவ ஏன் கீழ வெச்சிட்ட? எடு. அவ எழுதினத அடிச்சுட்டு அதுலயே எழுதாத, அழகா எழுதியிருக்கா. புதுப் பேப்பர்ல எழுது. பேரு கேத்தரின். அப்பா பேரு அந்தோணி.