கோலை நாம்தான் கொடுத்தோம்

அவையை நடத்தும் வலைக்காரர் தலைவர் நானா எசுமான் அவர்களே, படகை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, உடுத்திய துணியில் மீன்புகை மணக்க வந்திருக்கும் தாய்மார்களே, என் கையில் பிறந்த பிள்ளைகளை முதுகில் கட்டியிருப்பவர்களே, வணக்கம்.

நான் அராபா. இவ்வூர்ப் பிரசவ விடுதியின் மருத்துவச்சி. அங்கே ஒரு குழாய் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாகத் தண்ணீர் இல்லை. வலி கண்டவள் தலையில் வாளி சுமந்து வருகிறாள்.

நாளை அமைச்சர் வருகிறார். யார் அவர்? நாடு விடுதலை பெற்றுக் கொடி மாறிய ஆண்டில் இதே மணலில் நின்ற ஏகோ பைடு. "நான் உங்க வீட்டுப் பையன். எதுனாலும் எங்கிட்ட நேரா கேளுங்க" என்றாரே, அவர். நம்பினோம். வாக்களித்தோம்.

பிறகு என்ன செய்தோம்? ஊர்த் தலைவருக்குச் செய்யும் மரியாதையை அன்பு மிகுந்து அவருக்கும் செய்தோம். பொன்தகடு போர்த்திய கோல் ஒன்றைச் செதுக்கினோம். அதை ஏந்த ஒருவரை அமர்த்தினோம். இனி அவரிடம் யாரும் நேராகப் பேச வேண்டாம். கோலேந்தி கேட்பார், மெருகூட்டிச் சொல்வார். அன்று நானும் கைதட்டினேன்.

போன முறை அவர் வந்தபோது எழுந்தேன். "ஏகோ அண்ணே, குழாயில தண்ணி வரல. போன வாரம் ஒருத்திக்கு ரத்தம் நிக்கல. கை கழுவச் சொட்டு இல்ல. அவ போயிட்டா" என்றேன்.

கோலேந்தி குவாமினா அவர் பக்கம் திரும்பினார். "தாய்மார் வாழ்த்துறாங்கய்யா. குழாய் குடுத்த கை நல்லா இருக்கணும்ங்கறாங்க."

யாரது, பின்வரிசையில் சிரிப்பது? எஃபுவா அக்காவா? சிரியுங்கள். சிரிக்க வேண்டியதுதான்.

அமைச்சர் மூன்றடி தூரத்தில் இருந்தார். என் குரல் அவருக்குக் கேட்டது. ஆனால் கேட்காதவராக இருக்க நம் வழக்கமே அவருக்கு இடம் கொடுத்தது. யார் கொடுத்த இடம்? யார் செதுக்கிய கோல்? மாளிகை அவரை மாற்றியதா, மகிழுந்து மாற்றியதா? பாதி அவற்றால். மறுபாதி நம்மால்.

என்ன சொல்கிறீர்கள், குவாமினா மாமா?

"பயத்துல சொன்னேன் தாயி. எம்மவனுக்குத் துறைமுகத்துல வேலை போட்டுக் குடுத்தது அவரு."

தெரியும் மாமா. என் வேலையும் அவர் கையில்தான். நாளை பேசினால் வடக்கே எங்கோ மாற்றிவிடுவார்கள். மாற்றட்டும். எனக்குப் பின் வருகிறவளிடம் இந்தக் கேள்வியை ஒப்படைத்துவிட்டுத்தான் வண்டி ஏறுவேன்.

கோல் ஊருடையது. ஊர் அதைத் திரும்பக் கேட்கிறது. நாளை அது நானாவின் வீட்டில் இருக்கட்டும். அமைச்சர் தனியாக நிற்கட்டும், நாமும் எழுந்து நிற்போம். நேராகப் பார்ப்போம். நேராகக் கேட்போம். பதில் வரும்வரை நேராக நிற்போம்.

வழி விடுங்கள். மாமா கோலைக் கொண்டுவருகிறார்.

வாங்கிக்கொள்ளுங்கள், நானா.

முதல் கேள்வி என்னுடையது. இரண்டாவது? எஃபுவா அக்கா கை தூக்குகிறார். மூன்றாவது? போதும், போதும். இத்தனை கைகளுக்கு நாளைய பகல் போதாது.

இதுவரை கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. நாளை பேசப்போகும் உங்களுக்கு வணக்கம்.